சமாரியனின் வாகனத்தைக் கழுவியது யார்?



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், குளிரில் வெடிக்கும் கைகளையும் உதடுகளையும் எப்படிப் பராமரிப்பது என்று பார்த்தோம். இந்த மாதம் நம்முடைய கார். அதிலும் யாரும் குனிந்து பார்க்க விரும்பாத இடம், கால் வைக்கும் இடத்தில் இருக்கும் கார்ப்பெட்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியனை ஓய்வுநாள் பாடசாலையிலிருந்தே நமக்குத் தெரியும். அடிபட்டுக் கிடந்தவனை அவன் தன் மிருகத்தின்மேல் ஏற்றிக்கொண்டு போனான். நம்முடைய தமிழ் வேதாகமம் அதற்கு 'வாகனம்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. நம் வீடுகளில் அம்மா அப்பா காரைச் சொல்வதும் அந்தச் சொல்லால்தான். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, இரத்தம் காயாத ஒருவனை ஏற்றினால் அந்த வாகனம் என்ன ஆகியிருக்கும்? அதன் விரிப்பை யாரோ கழுவியிருக்க வேண்டும். வேதாகமம் அதைச் சொல்லவில்லை. அந்த வேலை இன்று நம்முடையது.

ஸ்கார்பரோவில் ஞாயிறு காலை நம்மில் எத்தனை பேர் முதியோர் கட்டடங்களின் வாசலில் காரை நிறுத்துகிறோம்! அம்மம்மாவை ஆராதனைக்கு ஏற்றுகிறோம். கிழமை நாளில் ஒரு ஐயாவை டயாலிசிஸுக்கு, ஒரு அன்ரியை கீமோ சிகிச்சைக்கு ஏற்றி இறக்குகிறோம். அந்தப் பயணங்களில் சத்தி வரும். சிறுநீர் தவறும். பூட்ஸில் ஒட்டிய உப்பும் சேறும் வரும். ஒன்றுகூடலுக்குக் கொண்டுபோகும் கறிச்சட்டி சரியும்.

கார் அழுக்காவது பெரிய காரியமல்ல. அதன்பிறகு நடப்பதுதான் பெரிய காரியம். ஒருமுறை காரில் சத்தி எடுத்த முதியவர், அடுத்த ஞாயிறு, "வேண்டாம் பிள்ளை, எனக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்பார். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொல்வார். சுகமில்லாததல்ல, வெட்கம்தான் அவரை வீட்டில் வைத்திருக்கிறது. தாதிமாராகிய நாங்கள் மருத்துவமனையில் தினமும் பார்ப்பது இது: உடம்பு அழுக்கானதைவிட, அதைப் பார்த்தவரின் முகம் சுளித்ததுதான் நோயாளிக்கு அதிக நாள் நினைவில் நிற்கும். கார்ப்பெட்டைச் சுத்தமாக்கத் தெரிந்தவருக்கு முகம் சுளிக்கக் காரணமில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

முதலில் ஆள், பிறகு கார்ப்பெட்

யாராவது காரில் சத்தி எடுத்தால் முதலில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். நெஞ்சு நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 911. கார்ப்பெட் காத்திருக்கும்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், "பரவாயில்லை அம்மம்மா, யோசியாதேங்கோ, இது கழுவினால் போயிடும்" என்று சொல்லுங்கள். பொய்யாகச் சொல்லவேண்டியதில்லை. உண்மையாகவே போய்விடும்.

கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

காரின் கார்ப்பெட் வீட்டுக் கார்ப்பெட் போன்றதல்ல. மேலே நைலோன் அல்லது பொலியெஸ்டர் நார். அதன் அடியில் சத்தத்தைக் குறைப்பதற்காகத் தடித்த பஞ்சோ ஸ்பொஞ்சோ இருக்கும். அதற்கும் கீழே இரும்புத் தகடு. வாளியோடு தண்ணீரை ஊற்றினால் மேலே ஒரு நாளில் காய்ந்துவிடும். அடியிலுள்ள பஞ்சு பல நாள் ஈரமாகவே இருக்கும். அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும், மணம் வரும், தகடு துருப்பிடிக்கும். ஆகவே முதல் விதி: குறைந்த தண்ணீர், நிறையத் துவாய்.

இரண்டாவது விதி: தேய்க்காமல் அழுத்துங்கள். தேய்த்தால் கறை பரவும், நார் பிய்ந்து பொங்கும். பழைய துவாயை மடித்து வைத்து, அதன்மேல் கையால் அல்லது காலால் அழுத்தினால் ஈரமும் அழுக்கும் துவாய்க்கு ஏறிவிடும். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேலை செய்யுங்கள்.

குளிர்கால உப்பு

கனடாவில் மார்கழி முதல் பங்குனி வரை வீதியில் போடும் உப்பு பெரும்பாலும் நம் சமையல் உப்பின் இனம்தான், சோடியம் குளோரைட். கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டும் மக்னீசியம் குளோரைட்டும் சேர்ப்பார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. உப்புப் படிந்த கார்ப்பெட் எப்போதும் நசநசவென்று இருப்பதற்கும், காரின் கண்ணாடி உள்ளே புகைபிடிப்பதற்கும் இது ஒரு காரணம்.

1. கால்மிதிகளை வெளியே எடுத்துத் தட்டுங்கள். கார்ப்பெட் காய்ந்திருக்கும்போதே வன்மையான பிரஷால் வெள்ளைப் படிவைக் கிளறி, வக்கூம் பிடியுங்கள். காய்ந்த அழுக்கை எடுக்காமல் தண்ணீர் விட்டால் அது சேறாகிவிடும்.

2. இளஞ்சூட்டுத் தண்ணீரும் வெள்ளை வினாகிரியும் சரிபாதி கலந்து ஸ்பிரே போத்தலில் ஊற்றுங்கள். படிவின்மேல் நனையும் அளவு மட்டும் விசிறி, 5 நிமிடம் விடுங்கள்.

3. துவாயால் அழுத்தி எடுங்கள். தண்ணீரையும் உறிஞ்சும் வகை வக்கூம் இருந்தால் அதைப் பிடியுங்கள். வீட்டுச் சாதாரண வக்கூமால் ஈரத்தை உறிஞ்சக்கூடாது, மின்சாரம் தாக்கும்.

4. வெறும் தண்ணீரை இலேசாக விசிறி, மறுபடி அழுத்தி எடுங்கள்.

காய்ந்தபிறகு வெள்ளைக் கோடு திரும்பவும் தெரிந்தால் மனம் சோரவேண்டாம். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, காயும் நார் அடிப் பஞ்சிலிருந்து உப்பை மேலே இழுக்கிறது. அடியிலிருப்பது வெளியே வருகிறது என்றுதான் அர்த்தம். இரண்டு மூன்று முறை செய்தால் தீரும். இடம் பெரிதென்றால், கார்ப்பெட் கழுவும் இயந்திரத்தைச் சில கடைகளில் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். இருக்கைக்கும் காருக்குமான சிறிய கைப்பிடியையும் கேட்டு வாங்குங்கள்.

கறியும் மஞ்சளும்

இது நம் ஆட்களுக்கே உரிய கறை. கட்டியாகக் கிடப்பதைக் கரண்டியால் அள்ளுங்கள். அப்பச்சோடாவைத் தூவி 15 நிமிடம் விட்டால் மேலிருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் இழுக்கும். அதை வக்கூம் பிடியுங்கள். பிறகு ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி மட்டும் விட்டு, துணியில் தோய்த்து அழுத்தி அழுத்தி எடுங்கள். நிறைய விட்டால் நுரை கார்ப்பெட்டிலேயே தங்கும். தங்கிய சவர்க்காரம் புது அழுக்கை ஒட்டவைக்கும். அதனால் கடைசியில் வெறும் தண்ணீரால் இரண்டு முறை எடுத்துவிடுங்கள்.

சவர்க்காரமோ சோடாவோ பட்டவுடன் மஞ்சள் கறை சிவப்பாக மாறலாம். பயப்படாதீர்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் அல்லவா, அதே சங்கதிதான். வினாகிரித் தண்ணீர் பட்டால் மறுபடி மஞ்சளாகும். எண்ணெய் போனபிறகும் மஞ்சள் நிறம் மிச்சமிருந்தால் வெயிலிடம் விடுங்கள். மஞ்சளின் நிறப்பொருளை வெளிச்சம் உடைக்கும். கால்மிதி என்றால் வெளியே வெயிலில் போடுங்கள். கழற்ற முடியாத இடமென்றால் கதவைத் திறந்து வெயில் விழும்படி காரை நிறுத்துங்கள். சில நாளில் மங்கிவிடும்.

சத்தி, சிறுநீர், இரத்தம், பால்

இவை நான்கிலும் கொதிதண்ணீரைத் தொடவேண்டாம். குறிப்பாக இரத்தத்திலும் பாலிலும் உள்ள புரதம், முட்டை வெந்து இறுகுவதுபோல, சூட்டில் நாரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். எப்போதும் குளிர்ந்த தண்ணீர்.

கையுறை போடுங்கள். கதவுகளைத் திறந்து விடுங்கள். கட்டியானதைக் கடதாசி அட்டையால் வழித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மிச்ச ஈரத்தைக் கடதாசித் துவாயால் அழுத்தி எடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர், அழுத்தல், மறுபடி தண்ணீர், மறுபடி அழுத்தல். துவாயில் நிறம் ஏறுவது நிற்கும்வரை செய்யுங்கள்.

மணத்துக்கு வாசனைத் திரவம் அடிக்கவேண்டாம். இரண்டு மணமும் சேர்ந்து தலைவலிதான் வரும். நாய், பூனை வளர்ப்போருக்கான கடைகளில் நொதியம் உள்ள கழுவும் திரவம் கிடைக்கும். அது மணம் தரும் பொருளையே உடைக்கும். போத்தலில் சொன்ன நேரம்வரை கார்ப்பெட் ஈரமாக இருக்கவேண்டும். உடனே துடைத்துவிட்டால் வேலை செய்யாது. சிறுநீரும் பாலும் அடிப் பஞ்சுவரை இறங்கியிருந்தால் திரவமும் அதுவரை இறங்கவேண்டும். குறைந்த தண்ணீர் என்ற நம் விதிக்கு இது ஒன்றே விதிவிலக்கு. ஆகவே அன்றைக்கு நன்றாகக் காயவைக்கவும் ஆயத்தமாக இருங்கள்.

தாதிமார் என்ற முறையில் இரண்டு விசேஷக் குறிப்புகள்.

ஒன்று, வயிற்றோட்டமும் சத்தியும் வீடு வீடாகப் பரவும் நாட்களில் அது நோரோ வைரஸாக இருக்கலாம். கைக்குப் போடும் அல்கஹோல் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், குறைந்தது 20 விநாடி. அந்தச் சத்தியின்மேல் வக்கூம் பிடிக்காதீர்கள். கிருமி காற்றில் கிளம்பும். குளிர்ந்த தண்ணீரால் கறையை எடுத்தபிறகு, ஆவி இயந்திரம் இருந்தால் அதனால் சூடேற்றலாம். கார்ப்பெட் சுமார் 77 பாகை செல்சியஸில் 5 நிமிடம் இருக்கவேண்டும். துடைத்த துவாய்களைத் தனியாகச் சுடுதண்ணீரில் தோயுங்கள். சத்தி எடுத்தவர் சுகமாகி 48 மணி நேரம் ஆகும்வரை வீட்டில் இருப்பது மற்றவர்களுக்கு நல்லது.

இரண்டு, கீமோ எடுத்தவரின் சத்தியிலும் சிறுநீரிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். சிகிச்சைக்குப்பின் குறைந்தது 48 மணி நேரத்துக்கு இதைக் கவனத்தில் வைத்து, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிலர் கையுறையை இரண்டு சோடியாகப் போடுவார்கள். அது நல்ல வழக்கம். கர்ப்பமாக இருக்கும் அக்காமார் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

காயவைத்தல்

கழுவுவதில் பாதி வேலை இதுதான். மேலே கடதாசித் துவாயை வைத்து முழுப் பாரத்தோடு அழுத்துங்கள். ஈரம் ஏறினால் இன்னும் காயவில்லை. கதவுகளைத் திறந்து மின்விசிறியைக் கார்ப்பெட்டை நோக்கி வைத்து, சில மணி நேரம் ஓடவிடுங்கள். அடிப்பஞ்சு நனைந்திருந்தால், கதவோரப் பிளாஸ்டிக் பட்டையை மெதுவாகக் கிளப்பி, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் ஒரு வெறும் போத்தலைச் செருகிக் காற்றுப் போகவிடுங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள், கழற்றாதீர்கள், நனைக்காதீர்கள். அவை காற்றுப்பையினுடையவை. சில ஹைபிரிட் கார்களில் பின் இருக்கை ஓரத்தில் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் உண்டு. அதற்குள்ளும் தண்ணீர் போகக்கூடாது.

ஒன்றும் ஊற்றாமலே முன்பக்கக் கார்ப்பெட் அடிக்கடி நனைந்தால், கழுவிப் பயனில்லை. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கலாம். இனிப்பு மணம் வந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசியலாம்; அது நஞ்சு. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இவற்றைச் செய்யவே கூடாது

கார்ப்பெட் காயட்டும் என்று கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போடக்கூடாது. கராஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி வந்து, உறக்கம் வந்து, உயிர் போய்விடும். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் உள்ளே உறங்குகிறவர்களுக்கும் ஆபத்து.

பிளீச்சோடு வினாகிரியைக் கலக்கக்கூடாது. குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடித் திரவத்தோடும் கலக்கக்கூடாது. திறந்த முற்றத்திலேயே இது ஆபத்து, காருக்குள் சொல்லவேண்டியதில்லை. கார்ப்பெட்டின் நிறத்தையும் பிளீச் எடுத்துவிடும். ஆகவே காருக்குள் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

குழந்தை இருக்கையின் பட்டியையும் சீட் பெல்ட்டையும் கடுமையான திரவத்தால் கழுவக்கூடாது. நாரின் பலம் குறைந்தால் விபத்தில் பிள்ளையைத் தாங்காது. கையேட்டில் சொன்னபடி, மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

கடைசியாக, கழுவிக் காய்ந்த கார்ப்பெட்டைக் காப்பாற்ற ஒரு கால்மிதிக்குமேல் இன்னொன்றைப் போடக்கூடாது, முக்கியமாகச் சாரதி பக்கத்தில். 2009 ஆகஸ்ட் மாதம் கலிபோர்னியாவில் சான் டியாகோவுக்கு அருகே, பொருந்தாத கால்மிதியில் அக்ஸிலரேட்டர் சிக்கி ஓடிய காரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தார்கள். உங்கள் காருக்கென்று செய்த கால்மிதியை மட்டும், கொக்கியில் மாட்டிப் போடுங்கள்.

டிக்கியில் ஒரு பெட்டி

ஒரு சிறு பெட்டியில் இவை இருக்கட்டும்: கையுறை நான்கு சோடி, பழைய துவாய் இரண்டு, கடதாசித் துவாய் ஒரு சுருள், கட்டும் பிளாஸ்டிக் பைகள், மூடியுள்ள வெறும் ஐஸ்கிரீம் பெட்டி, வழிக்க ஒரு அட்டை, அப்பச்சோடா, மருந்துக்கடையில் கிடைக்கும் உறிஞ்சும் படுக்கைப் பேட் சில. தண்ணீர்ப் போத்தல் மட்டும் வேண்டாம்; தை மாதத்தில் அது கல்லாகிவிடும். புறப்படும்போது வீட்டிலிருந்து எடுத்துவாருங்கள்.

இனி, கழுவுவதைவிடக் கடினமான பகுதி. போன கிழமை சிறுநீர் தவறிய ஐயாவுக்கு மட்டும் இந்தக் கிழமை பிளாஸ்டிக் விரித்தால், அவருக்குப் புரிந்துவிடும். ஆகவே யார் ஏறினாலும், நம் சொந்த அம்மா ஏறினாலும், இருக்கையில் பேட்டைப் போட்டு, அதன்மேல் ஒரே மாதிரியான அழகான துணியை விரித்து வையுங்கள். எல்லாருக்கும் ஒரே விரிப்பு. நடந்ததைப் படம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் வேடிக்கையாகவும் போடாதீர்கள். வீட்டில் இறக்கிவிட்டபின் கழுவுங்கள். அவர் பார்க்கக் கழுவவேண்டாம். வெட்கத்தில் அவர் மறுப்பதற்குமுன், புதன்கிழமையே நீங்கள் ஒரு அழைப்பு எடுங்கள்: "அம்மம்மா, ஞாயிறு ஒன்பதரைக்கு வாறன், வாசலிலே நில்லுங்கோ." அந்த ஒரு அழைப்புக்கு, எந்தப் போத்தலுக்கும் இல்லாத பலன் உண்டு.

இம்மாதம் செய்ய

1. குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை உங்கள் காரின் கால்மிதிகளைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உப்பை எடுத்துவிடுங்கள்.

2. சபையில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்குக் கார் இருந்தால், அவருடையதையும் கழுவிக் கொடுங்கள். குனிய முடியாத முதுகுக்கு அது பெரிய உதவி.

3. சில வாரங்களாக ஆராதனைக்கு வராத ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டாம். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் வாகனங்கள் உம்முடையவை. களைத்தவர்களும் நோயுற்றவர்களும் பயமில்லாமல் அவற்றில் ஏறட்டும். அவர்கள் விட்டுச்செல்வதைச் சந்தோஷமாகக் கழுவும் கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.